பன்னிரண்டாவது அத்தியாயத்தில் மூச்சு வாங்குகிறவர்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம், அதனால் அதையும் எழுதிவிட்டேன், எவ்வளவு உண்மை என்பது போகப்போகத் தெரியும்.

அப்பாவின் புத்தகத்தைப் பற்றி நீ அனுப்பிய பதினோரு பக்க ஆய்வு வந்து சேர்ந்தது. நாற்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்த மனுஷன், தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஃபோர்மேனைப் பற்றியும் அவர் செத்துப்போனதைப் பற்றியும் தொண்ணூறு பக்கம் எழுதி, அதை நான் விரல் வலிக்கத் தட்டச்சு செய்து, நன்றாயிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டு அனுப்பினால், நீ குறியீடு, படிமம், முன்னறிவிப்பு என்று பிரித்து மேய்ந்திருக்கிறாய். கல்லூரியில் இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறவளைப் பெற்றதற்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி. லிஃப்டின் கம்பிவடத்தில் ஃபோர்மேன் ஒரு துணியை வைத்து உருவுவாரே, துணி சிக்கினால் அங்கே இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தத் துணி மனித வாழ்வின் நிலையாமையாம். அது உன் அப்பா நம் வீட்டிலிருந்து வேலைக்குக் கொண்டுபோன என் பழைய தலையணை உறை. நிலையாமையின் மேல்தான் அத்தனை வருஷம் தலைவைத்துத் தூங்கினேன் என்று இப்போதுதான் தெரிந்தது. ஃபோர்மேன் திட்டுகிற இடமெல்லாம் கண்டிப்பில் மறைந்த கனிவு என்கிறாய். ஒரு கனிவும் மறைந்திருக்கவில்லை, அந்த ஆள் வாயைத் திறந்தாலே காது கூசும். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அப்பா ஊட்டிவிட்ட கரண்டியைத் தட்டிவிட்டு, மேல்மாடி பிரேக்கச் சரியா மாட்டினியா என்றுதான் கேட்டார். அதை எழுதும்போது அப்பா அழுதார், தட்டச்சு செய்யும்போது நான் அழுதேன், நீ ஓரத்தில் கட்டுப்படுத்தப்பட்ட உணர்ச்சி என்று குறித்திருக்கிறாய்.

உன் அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரரைப் பிடித்து உட்காரவைத்துப் பதினோரு பக்கத்தையும் படித்துக்காட்டி, இதெல்லாம் நான் யோசிச்சுத்தான் எழுதினேன் என்று கூசாமல் சொன்னார். தையல்காரர் பாவம், கடையில் ஆள் காத்திருக்காங்க என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

இப்போது கடைசியான பன்னிரண்டாவது அத்தியாயத்துக்கு வருகிறேன். அதில் ஃபோர்மேன் போன பிறகு கதை சொல்கிறவர் மாடி ஏறுகிறார், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஜன்னலை வேடிக்கை பார்ப்பதுபோல மூச்சு வாங்குகிறார். ஆசானின் மரணம் சீடனின் உடலில் தொடர்வதாகக் காட்டும் நுட்பமான உத்தி என்று நீ எழுதியிருக்கிறாய். உத்தியும் இல்லை, நுட்பமும் இல்லை. நாலு மாசமாக உன் அப்பாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதய வால்வு சுருங்கிவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று உன் அப்பா என் வாயைக் கட்டிப்போட்டார். எனக்குக் கால் முறிந்தபோது நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, திரும்பிப் போய் அங்கே பட்ட பாடு போதுமாம். அவ படிச்சவ, அந்த அத்தியாயத்தப் பார்த்தா தானா புரிஞ்சிக்குவா என்றார். நீயும் பார்த்தாய், பத்துக்கு ஒன்பது போட்டாய்.

முடிவு முழுமை பெறவில்லை, கதைசொல்லி என்ன ஆனார் என்பதை ஆசிரியர் தீர்மானிக்க வேண்டும் என்று ஒரு மார்க்கைக் குறைத்தாயே, அதைத் திருத்தி எழுதுவதற்காக வியாழக்கிழமை நடக்க வேண்டிய ஆபரேஷனை இரண்டு மாசம் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். வால்வுக்கு இலக்கியமெல்லாம் தெரியாதுங்க, தள்ளிப்போட்டா ஆபத்து, நாளைக்குள்ள முடிவு சொல்லுங்க என்கிறார் டாக்டர். நான் கத்தியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். நான் வெறும் தட்டச்சுக்காரி, என் விமர்சனம் எடுபடுமா. நீ எழுதாமல் விட்டதை நான் சொல்கிறேன், திருத்தம் என்பது சாக்கு. ஃபோர்மேன் ஆஸ்பத்திரிக்குள் போனவர் நடந்து வெளியே வரவில்லை, அதைக் கூடவே இருந்து பார்த்தவர் இவர். பயமாயிருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

போனில் பேசினால் அவர் காதில் விழும் என்றுதான் சமையலறையில் உட்கார்ந்து இதைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். பார்த்த உடனே அவரைக் கூப்பிடு. முடிவு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லு. நீ திருத்தச் சொன்னதால் உட்கார்ந்துவிட்டார், நீ போகச் சொன்னால் போவார். முடிந்தால் வியாழனுக்குள் வா, முடியாவிட்டால் பரவாயில்லை, என்னைத் திட்டாதே, அவருக்குக் கொடுத்த வாக்கை மீறி எழுதுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாயிருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தில் எதையும் தோண்டிப் பார்க்காதே, உள்ளே ஒன்றும் ஒளித்துவைக்கவில்லை, எனக்கும் பயமாயிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா