விழுப்பரையர் திருப்பி அனுப்பிய இரண்டாம் ஓலை

நலம் பொலிக. கருவேழ நாட்டின் மூன்று ஆறுகளையும் முந்நூறு ஊர்களையும் ஒரு குடை நிழலில் வைத்துக் காத்தருளும் வானவிளக்கு மாதேவியார் திருவடிகளுக்கு, அவ்வடிகள் ஆளும் நாட்டில் மழையும் விளைவும் பிழையாதிருக்க வேண்டி, பவழத்தீவில் நம் மட்டைப்பந்து அணியோடு தங்கியிருக்கும் தூதரும், முன்னர் ஒன்பதாண்டுக் காலம் அவ்வணியின் தலைவராய் இருந்தவருமாகிய மாறன் விழுப்பரையர் வணங்கி விடுக்கும் ஓலை. எழுத்தாணி பிடித்தவள் ஓலைநாயகம் பூதங்குடிச் சாத்தி. சொன்னதை மெழுகாமல் எழுதுக என்பது தூதர் இட்ட ஆணையாதலின், இதில் வரும் கசப்பு அவருடையது. கையெழுத்து மட்டுமே அடியாளுடையது.

கப்பல் புறப்பட்ட நாளில் மாதேவியார் தூதர் கையில் இரண்டு ஓலைகளை அளித்தருளினார். இளையவராகிய கடம்பன் தத்தனே அணித்தலைவராகத் தொடர்க என்பது முதலாவது. தத்தன் விலக, விழுப்பரையரே மீண்டும் தலைமை ஏற்று ஐந்து ஆட்டங்களில் கடைசி இரண்டையும் ஆடுக என்பது இரண்டாவது. மூன்றாம் ஆட்டம் முடிந்தபின் நாட்டுக்கு எது நன்றெனத் தூதரே தேர்ந்து, ஒன்றைத் தத்தனிடம் கொடுத்து மற்றதைத் திருப்பி அனுப்புக என்றும் பணித்தருளினார். அன்று முதல் இரண்டாம் ஓலையைத் தூதர் தம் இடைக்கச்சையில் செருகியே திரிந்தார். உண்ணும்போதுகூட ஒரு கை சோற்றிலும் மறு கை கச்சையிலுமாகத்தான் இருந்தது.

முதல் ஆட்டத்தில் நாம் தோற்றோம். தூதர் அன்று நன்றாக உண்டார். இரண்டாவதில் வென்றோம், தலைவலி என்று படுத்துக்கொண்டார். தத்தன் தலைமை தாங்கும் முறையே அவருக்கு ஆகவில்லை. விழுப்பரையர் காலத்தில் அவர் கட்டைவிரல் அசைந்தால் களத்தில் ஆள் அசைவார், அசையாவிட்டால் நிற்பார். தத்தனோ பந்து வீசுபவரிடமே சென்று, யாரை எங்கே நிறுத்தலாம் என்று கேட்கிறார். கேட்டபின் தோளில் கைபோட்டுச் சிரிக்கவும் செய்கிறார். இது தலைமையா, திருமண வீட்டுப் பந்தி விசாரிப்பா என்று தூதர் அடியாளிடம் பலமுறை வினவினார்.

மூன்றாம் ஆட்டத்தின் முடிவில் தீவினருக்கு ஏழு ஓட்டங்கள் தேவை. அவர்களிடம் எஞ்சியது ஒரே விக்கெட். தத்தன் பந்தைச் சுழற்பந்து வீசும் கீரனிடம் கொடுத்தார். அந்தக் கீரன் வீசிய பந்தைத்தான் சற்றுமுன் எதிரி மும்முறை எல்லைக்கு அப்பால் அடித்திருந்தார். கீரன் கேட்டபடி, நேர் எல்லையில் நின்ற காவலரையும் தத்தன் அருகே அழைத்துக்கொண்டார். கதவைத் திறந்து வைத்துக் களவு போக விடுகிறான் என்று தூதர் பல்லைக் கடித்தார். அவ்வேளையில் நம் அணி தோற்கவேண்டும் என்று அவர் நெஞ்சார விரும்பினார். இதை எழுதலாமா என்று அடியாள் தயங்க, எழுது என்றார். எதிரி அந்த வெற்றிடத்தைக் கண்டு ஆசைப்பட்டு மட்டையை ஓங்கினார். பந்து திரும்பிக் குச்சியைச் சாய்த்தது. நாம் வென்றோம்.

வென்ற ஆரவாரத்தில் நில்லாமல் தூதர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, துறைமுகத்தில் நம் நாட்டு வணிகர் கூடும் கஞ்சிக்கடைக்கு நடந்தார். தம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்பதே அவர் நோக்கம். கேட்கவும் கேட்டார். கலத்தச்சன் நெடுவேளன் என்பவர், தலைவர் என்றால் விழுப்பரையர்தாம், அவர் முன் எதிரியும் சொந்த அணியும் ஒன்றுபோல நடுங்கினர், இப்பிள்ளை வென்றது குருட்டாம்போக்கில் என்று உரைத்தார். தூதருக்கு உச்சி குளிர்ந்தது. முகத்தை மேலாடையில் மறைத்தபடியே தச்சனுக்கு இன்னொரு கலயம் கஞ்சி வரவழைத்தார்.

அப்போது கருவாடு விற்கும் வேம்பி என்பவள், விழுப்பரையர் வென்றதை யாரும் மறுக்கவில்லை, அவரோடு ஆடிய பதின்மர் பெயரைச் சொல்லும் என்று தச்சனைக் கேட்டாள். தச்சன் மூன்று பெயர் சொல்லி நின்றார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்ற வேம்பி, தத்தன் அணியின் பதினொருவரையும் விரல் மடக்கிச் சொன்னாள். களத்துக்குத் தண்ணீர் கொண்டு ஓடும் பன்னிரண்டாமவரையும் விடவில்லை. தத்தன் ஒவ்வொருவரையும் அவரவர் ஆட்டத்தை ஆடவிடுவதால் பார்ப்பவருக்கு எல்லாரையும் தெரிகிறது, விழுப்பரையர் ஆட்டத்தில் ஒரு கட்டைவிரலைத்தான் பார்த்தோம் என்றும் சொன்னாள்.

தூதர் கஞ்சியை முடிக்காமல் எழுந்து வந்தார். அப்பேதைக்கு என்ன தெரியும் என்று அடியாளை ஓலையோடு உட்காரவைத்து, தம் பதின்மர் பெயரை மளமளவென்று சொல்லத் தொடங்கினார். ஏழு பெயர்கள் வந்தன. எட்டாமவரை இடக்கையன் என்றார். இயற்பெயர் கேட்டேன். ஒன்பதாண்டும் அவனை இடக்கையா என்றே அழைத்தேன் என்றார். பிறகு கச்சையிலிருந்த ஓலையை எடுத்து அடியாள் முன் வைத்தார்.

ஆகவே மாதேவியார் அறிந்தருள்க. முதல் ஓலை இன்று தத்தனிடம் கொடுக்கப்பட்டது, அவரே தலைவர். இரண்டாம் ஓலை முத்திரை உடையாமல் இத்துடன் வருகிறது. வியர்வைக் கறை தூதருடையது, பொறுத்தருள்க. பொறாமை தீர்ந்ததோ எனத் திருவுள்ளம் வினவினால், தீரவில்லை. தத்தன் சிரிக்கும்போதெல்லாம் வயிறு எரியத்தான் செய்கிறது என்று தூதர் மறைக்காமல் சொல்கிறார்.

தூதர் வேண்டுவது ஒன்றே. அரண்மனை ஏடுகளில் அவர் அணியில் ஆடிய எஞ்சிய மூவர் பெயரும் இருக்கும். மறு கப்பலில் அவற்றை எழுதி விடுக்குமாறு ஏட்டுக்காப்பாளருக்கு ஆணையிட்டருள்க.

கடல் வற்றினும் மாதேவியார் சொல் வற்றாதிருக்க. ஆமை முத்திரை இட்டு, பவழத்தீவுத் துறையிலிருந்து விடுக்கப்பட்டது. தூதர் சொன்ன ஏழு பெயர்களும் இத்துடன் வரும் தனி ஏட்டில் உள்ளன. அவற்றின்பின் மூன்று பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்; அதைப் பூச்சி அரித்ததென்று கொள்ளற்க.