முப்பத்தொன்றாம் தாள், ஆறாவது வரி

ஹார்மன் துறை,
நவம்பர் 16, ஞாயிறு.

அன்பு மகள் ஜொனெட்டாவுக்கு, உன் அப்பா எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னைப் பொறுத்துக்கொள். வரிகள் சில இடத்தில் மேலே ஏறும், சில இடத்தில் சரிந்து கிடக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் தொடங்கினேன், இன்று ஞாயிறு. சரக்குப் படகில் முப்பது வருடம் கயிறு இழுத்த கை, பேனாவையும் அதே பலத்தோடு பிடிக்கிறது. இரண்டு தாள் கிழிந்துவிட்டது. இது மூன்றாவது.

இது அப்பா எழுத்து இல்லையே என்று நினைப்பாய். இதுதான் அப்பா எழுத்து. நீ அலாஸ்காவுக்குப் போன நாளிலிருந்து 'அப்பா' என்று கீழே போட்டு உனக்கு வந்த கடிதமெல்லாம் உன் அம்மா எழுதியது. எனக்கு எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன், அவள் எழுதுவாள். சில நாள் அலுப்பில், "நல்லாருக்கேன்னு எழுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவேன். அவள் ஒரு பக்கம் முழுக்க எழுதி முடித்திருப்பாள். அதனால் உனக்கு நான் என்னென்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

அம்மாவின் அடக்க ஆராதனையில் நீ என் கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாய். நான் அதை உன் கையிலேயே திருப்பித் திணித்துவிட்டுக் கோயிலை விட்டு வெளியே போனேன். எனக்கு மனமில்லை என்று நீ நினைத்தது அதன் பிறகு வந்த உன் மூன்று கடிதங்களிலும் இருக்கிறது. அவற்றை பைபிளுக்குள் வைத்திருந்தேன். இந்த வசந்தத்தில்தான் வாசித்தேன். கடைசிக் கடிதத்துக்கு இரண்டு நாள் ஆனது. வாசித்து முடித்த பிறகும் பதில் எழுதவில்லை. என் எழுத்தைப் பார்த்தால், யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பாயோ என்ற பயம்.

நூலகத்தில் செவ்வாயும் வியாழனும் மிஸ் ஆர்டெல் சொல்லிக் கொடுக்கிறார். முன்பு தபால் கொண்டுவருவாரே, அவரேதான். உன் கடிதங்களை என் கையில் கொடுத்தவரும் அவர்தான். எழுபத்தொன்பது வயதில் எனக்குத் தினமும் ஒரு வேடிக்கை. நான் காலமெல்லாம் தின்ற பிஸ்கட் பெட்டியில் 'உப்பு குறைத்தது' என்று போட்டிருக்கிறது. அதில் ருசியே இல்லை என்று உன் அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கமுக்கமாக அதையே வாங்கி வந்திருக்கிறாள்.

ஆனால் வாசிக்கத் தெரிந்த பிறகு இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை ஜொனெட்டா. எங்கே திரும்பினாலும் அவள் பேசுகிறாள். என் மாத்திரைகளுக்காக அலமாரிக் கதவின் உள்பக்கம் காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு நிலவும் வரைந்து வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியும். நிலவுக்குக் கீழே பொடி எழுத்தில், "லூஷஸ், அடுப்ப அணைச்சியா?" என்று எழுதியிருப்பது போன ஏப்ரலில்தான் தெரிந்தது. வாசிக்கத் தெரியாதவனுக்கு ஏன் எழுதினாள்? அதை வாசித்தவுடன் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கதவைத் திறந்தால் போய்ப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. உறைபெட்டியில் அவள் கையால் 'வெண்டைக்காய், ஆகஸ்ட்' என்று எழுதிய பொட்டலம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை நான் எடுப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்ஃபின் ஹேர்ஸ்டன் மாநிலச் சட்டசபைக்கு நிற்கிறாள். நம் ஊர் உயர்நிலைப் பள்ளியை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் போகவர மூன்று மணி நேரம் அவள் வண்டியில்தான் கிடக்கிறார்கள். இப்போது இருக்கிற உறுப்பினர் இருபது வருடமாக எதிர்த்து ஆளே இல்லாமல் ஜெயிக்கிறவர். மார்ச்சில் கட்சிக்குள் நடக்கும் முதல் சுற்றுத் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கலாம். ஆனால் ஓட்டுச் சீட்டில் பேர் வரவேண்டுமானால் தொகுதியில் பதிவான வாக்காளர்கள் ஐந்நூறு பேர் கையெழுத்து வேண்டும். ஒவ்வொருவரும் தன் கையால் போட வேண்டும், தாளைச் சுமந்து கையெழுத்து வாங்குகிறவர் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பேரும் முகவரியும் கையெழுத்தும் அரசுப் பதிவேட்டோடு பொருந்த வேண்டும். ஒன்று குறைந்தாலும் பேர் கிடையாது.

செப்டம்பரில் கோயில் மீன் விருந்தன்று டெல்ஃபின் கையெழுத்துத் தாள் செருகிய அட்டையோடு வந்தாள். என் முறை வந்தபோது, "மிஸ்டர் லூஷஸ், கட்டத்துக்கு வெளிய போயிராதீங்க, அவங்க அதையே சாக்கா வச்சு பேர அடிச்சிருவாங்க" என்றாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் ஒரு அரசாங்கத் தாளில் என் பேரை நானே எழுதியது அதுதான் முதல் தடவை. நாலு நிமிடம் ஆனது. பின்னால் வரிசை நின்றது. நம் சபை டீக்கன் மோஸ்லி, "ஏம்ப்பா, வயல உழுறியா, பேர எழுதுறியா? மீனு ஆறிப்போச்சு" என்றார். எழுதி முடித்ததும் மிஸ் ஆர்டெல் கை தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். முப்பத்தொன்றாம் தாள், ஆறாவது வரி. அன்று மூன்று துண்டு மீன் தின்றேன்.

டெல்ஃபின் ஐந்நூற்று அறுபத்தொரு கையெழுத்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த வாரமே அந்த உறுப்பினர் பக்கத்திலிருந்து மறுப்பு மனு வந்துவிட்டது. அதிகாரிகள் வரிக்கு வரி பதிவேட்டோடு ஒப்பிட்டு, அறுபத்து மூன்றை அடித்துவிட்டார்கள். வீடு மாறியவர்கள், பக்கத்துத் தொகுதிக்காரர்கள், இரண்டு தடவை போட்டவர்கள். மிச்சம் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. நீக்கப்பட்டவர்களில் நேரில் வந்து சத்தியம் செய்து மீட்கக் கூடியவர்கள் இரண்டே பேர். ஒன்று டீக்கன் மோஸ்லி. வாதம் வந்த பிறகு இடது கையால் எழுதுகிறார், அதனால் பொருந்தவில்லை. இன்னொன்று நான்.

வியாழக்கிழமை தேர்தல் அலுவலகத்தில் விசாரணை. டீக்கன் இடது கையால் அவர்கள் முன்னாலேயே எழுதிக் காட்டினார். "இதவிட மோசமா வேணும்னா அதுவும் வரும்" என்றார். விசாரித்த அதிகாரி அம்மாள் சிரித்துவிட்டார். அவர் வரியைச் சேர்த்தார்கள். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சுவரில் பெரிய திரை. இடது பக்கம் நான் எழுதிய பேர், வேலி சாய்ந்த மாதிரி. வலது பக்கம் நாற்பத்தாறு வருடத்துக்கு முந்தைய வாக்காளர் பதிவுக் கார்டு. அதில் என் பேர், உன் அம்மா கையில். முதல் எழுத்தின் அடியில் தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு. வெண்டைக்காய்ப் பொட்டலத்தில் இருக்கும் அதே வளைவு. அந்தக் கார்டை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். அவள் சாகும்வரை ஒவ்வொரு தேர்தலிலும் எனக்குப் பக்கத்தில் நின்று என் பேரை அவள்தான் போட்டாள். அவள் போன பிறகு நான் ஓட்டுக்கே போகவில்லை. இவ்வளவு தெரிந்தவன், மீன் விருந்தன்று அதை நினைக்கவே இல்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

திரையில் அவள் எழுத்து ஒரு ஆள் உயரம் இருந்தது. அவள் கதவைத் திறந்து உள்ளே வந்து என் பின்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். டெல்ஃபின்தான் உட்கார்ந்திருந்தாள்.

விசாரித்த அம்மாள், "மிஸ்டர் டார்வர், ரெண்டும் உங்க கையெழுத்துதானா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வயதானால் கை மாறும், எல்லோரும் நம்புவார்கள். ஐந்நூறு ஆகிவிடும். வரும் வழியிலேயே டெல்ஃபின், "எனக்காக எதுவும் சொல்ல வேணாம். எது நெசமோ அதச் சொல்லுங்க. இல்லன்னா நான் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தாள். ஆனால் அதற்காக மட்டும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த எழுத்தை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. உலகத்தில் அவள் கை பட்டது இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. அதையும் நான் எடுத்துக்கொள்வதா?

"இது நான் போட்டது. அது என் சம்சாரம் வெர்லீன் போட்டது" என்றேன்.

மறுப்புக்காரரின் வக்கீல் எழுந்து, "அப்ப இத்தன வருஷமா ஓட்டுப் போட்டது நீங்களா, உங்க சம்சாரமா?" என்றார். சிலர் சிரித்தார்கள். "ஓட்டு நான் போட்டேன். பேர அவ எழுதினா" என்றேன். கார்டே பொய், எனவே நான் பதிவான வாக்காளரே இல்லை, இறந்துபோன அந்தப் பெண் செய்தது குற்றம் என்று அவர் பேசிக்கொண்டே போனார். மண்ணுக்குள் இருப்பவளைக் குற்றவாளி என்கிறான், நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விசாரித்த அம்மாள் அவரை உட்காரச் சொன்னார். எழுத முடியாதவர் எதிரிலேயே இருந்து, அவர் கேட்டு, இன்னொருவர் எழுதியிருந்தால் அந்தக் கார்டு செல்லும் என்றார். ஆனால் என் வாய்ச்சொல் மட்டும் போதாது, அதைக் கண்ணால் பார்த்தவர் வேண்டும். பதிவு செய்த குமாஸ்தா பெண் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. "வேற யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார்.

நீ பார்த்தாய் ஜொனெட்டா. உனக்கு ஏழு வயது.

அதைச் சொன்னேன். வக்கீல், "மக உங்ககூடப் பேசுறாங்களா?" என்று கேட்டார். விசாரித்த அம்மாள் 24ஆம் தேதி திங்கள்வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

பதியப் போன அன்று நடந்ததை எனக்கு நினைவிருக்கிறபடி எழுதத் தொடங்கி இரண்டு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். மேலே கறுப்பாக இருப்பது அதுதான். நான் சொல்லி நீ எழுதினால் அது உன் நினைவு ஆகாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏன் அவளை எழுதச் சொன்னேன் என்பதை. மிசிசிப்பியில் என் அப்பா ஓட்டுக்குப் பதியப் போனபோது, ஒரு தாளை முன்னால் போட்டு வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தால்தான் பதிவு என்பது அங்கே சட்டம். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்ததை நான் வண்டியிலிருந்து பார்த்தேன். இங்கே அந்தச் சட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பதிவு மேசை முன்னால் நின்றபோது என் கையில் தொப்பி இருந்தது.

உன் அம்மா எத்தனையோ தடவை, "வா, நான் சொல்லித் தர்றேன்" என்றாள். ஒரு நாள் பென்சிலை உடைத்து எறிந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லாமல் போன பிறகு கற்றுக்கொண்டிருக்கிறேன். இப்போதும் எழுதும்போது தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். என் பேரின் முதல் எழுத்தைப் போடும்போது கை தானாக அந்தத் தூண்டில் முள்ளை நோக்கிப் போகிறது. யாரும் எனக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

உன்னிடம் கேட்பது இதுதான். உனக்கு நினைவிருந்தால், சான்றளிக்கும் அதிகாரி முன்னால் நீ பார்த்ததை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு டெல்ஃபினுக்கு அனுப்பு. முகவரி உறைக்குள் தனித்தாளில் இருக்கிறது. நினைவில்லை என்றால் எழுதாதே. எனக்காகவோ அம்மாவுக்காகவோ டெல்ஃபினுக்காகவோ இல்லாததை எழுதாதே. ஃபோனில் கேட்டுவிடுகிறேன் என்று டெல்ஃபின் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். இதை என் கையால் கேட்க வேண்டும் என்று தோன்றியது. நாளை விரைவுத் தபாலில் போடுகிறாள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஆறு வற்றிக் கிடக்கிறது, படகுகள் காத்து நிற்கின்றன. என் முழங்கால் பரவாயில்லை. உங்கள் பக்கம் இப்போதெல்லாம் சாயங்காலத்திலேயே இருட்டிவிடும் என்று நூலகத்துப் புத்தகத்தில் வாசித்தேன். வெளியே போனால் கால் பார்த்து வை.

இன்னொன்று. பழைய கடிதங்களை நீ எறிந்துவிடவில்லை என்றால் ஒன்றே ஒன்றை அனுப்பு. நான் உனக்கு என்ன சொன்னேன் என்று வாசித்துப் பார்க்க வேண்டும். பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

அந்த வரி செல்லுமோ செல்லாதோ, அடுத்த ஞாயிறும் இதே மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். நீ கோபமாகத்தான் எழுத வேண்டும் என்றாலும் எழுது மகளே. அடக்கத்தன்று நீ என் கையில் கொடுத்த தாளும் உன்னிடம் இருந்தால் சேர்த்து அனுப்பு. அவள் கல்லறை முன்னால் நின்று வாசிக்கிறேன். இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும். கீழே இருப்பது என் கையெழுத்து. நீ இதுவரை பார்த்ததில்லை.

உன் அப்பா,
லூஷஸ் டார்வர்