ஆண்டவரிடம் மட்டும் சொன்னவள்

இன்று சாயங்காலம் லிஃப்ட் ஓடவில்லை. காய்கறிப் பையோடு படியேறி வரும்போது இரண்டாம் மாடியில் யாரோ பாக்ரி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பு மாவு தணலில் பட்டு லேசாகக் கருகும் அந்த வாசனை கதவிடுக்கு வழியாக வந்து என்னை அப்படியே நிறுத்திவிட்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். மேலிருந்து இறங்கி வந்த எதிர்வீட்டு மராத்தி அம்மாள், "காய் ஜால?", என்ன ஆச்சு என்று பதறினாள். மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவைத்தேன். உன் ஞாபகம் வந்துவிட்டது என்பதை அவளிடம் எந்த பாஷையில் சொல்ல?

பூனாவின் இந்த ஹடப்சர் பக்கம் எங்களுக்கு இப்போது நல்ல வீடுதான். பால்கனி இருக்கிறது, தண்ணீர் நினைத்த நேரம் வருகிறது. ஆனால் குழாயடியில் சண்டை போட ஆள் இல்லை. முன்பு ஏரவாடாவில் நம் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதானே இருந்தது? நீ இருமினால் நான் கஷாயம் போடுவேன். நான் புருஷனைத் திட்டினால் நீ அந்தப் பக்கமிருந்து, "சரியாச் சொன்னே!" என்று குரல் கொடுப்பாய். அந்த மனுஷன் அதற்குப் பயந்தே பாதி நாள் வாயைத் திறக்கமாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு நாசரேத் பக்கமிருந்து வந்து இறங்கியவள் நான். நீ பூனாவிலேயே பிறந்தவள். உன் தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து கண்டோன்மென்ட் வேலைக்கு வந்த குடும்பம். உன் பேச்சில் பாதி இந்தி, கொஞ்சம் மராத்தி, மிச்சமிருந்த தமிழும் எனக்குப் பழக்கமில்லாத தமிழ். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். வேதாகமம் முழுக்க உனக்குக் காது வழியாக வந்தது. அதனாலோ என்னவோ, உன் வாயில் வேதக் கதைகள் எல்லாம் நம் தெருவில் நடந்த மாதிரி இருக்கும். மார்த்தாள் பம்ப் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டுவாள். பேதுருவின் மாமியாருக்கு வந்தது, நம் கம்பவுண்டர் ஊசி போட்டும் இறங்காத காய்ச்சல். நான் ஓய்வுநாள் பள்ளி டீச்சர், என் வாய் சும்மா இருக்குமா? அப்படியெல்லாம் வேதத்தில் இல்லை என்பேன். "வந்துட்டாங்க டீச்சரம்மா" என்று சிரித்துவிட்டு நீ கதையைத் தொடர்வாய்.

நம் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு மாற்றி வீடு கூடி ஜெபித்தோமே, அந்தக் கூட்டத்தில் உன் ஜெபம் பிரசித்தம். நாங்களெல்லாம் "சர்வ வல்லமையுள்ள, இரக்கம் நிறைந்த" என்று ராகமாக ஆரம்பிப்போம். நீ, "ஆண்டவரே, நான்தான்" என்று ஆரம்பிப்பாய். ஏதோ வாசலில் நின்று கதவைத் தட்டுகிறவள் மாதிரி. அப்புறம் சாமான் சொல்வதுபோல ஒவ்வொன்றாக வரும். யாருடைய முழங்கால் வலி, யாருக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது வரை. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டே புன்னகைப்பார். என் புருஷன் சபைச் செயலாளர், கூட்டத்துக்குப் பொறுப்பாளர். அவருக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

எனக்கு மூத்தவன் பிறந்து சில வருஷம் கழித்து இரண்டாவது உண்டானது. ஏழு மாதம் முடிந்த நிலையில் பெண் பிறந்தாள். அழவில்லை. ஒரு துணியில் சுற்றி இவர் கையில் கொடுத்தார்கள். நான் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் வசனம் சொன்னார்கள். யோபுவைச் சொன்னார்கள். எல்லாம் நன்மைக்கே என்று பவுல் எழுதியதைச் சொன்னார்கள். தாவீது பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு எழுந்து முகம் கழுவிச் சாப்பிட்டானே என்றார்கள். ஒன்றும் பொய்யில்லை. நானே இழவு வீடுகளில் உட்கார்ந்து இவற்றைத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கென்று வந்தபோது ஒவ்வொரு வசனமும் தொண்டைக்குழியில் முள்ளாக நின்றது. தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். எல்லாரும் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்படியே மழைக்காலம் தொடங்கிவிட்டது.

ஒரு நாள் நீ கேன்டீன் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் உள்ளே நுழைந்தாய். தூக்கில் சூடான பாக்ரி, பச்சைமிளகாய்த் துவையல். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிட்டு நீட்டினாய். "வேண்டாம்ளா, எடுத்துட்டுப் போ" என்றேன்.

"எலியா இன்னா பண்ணான்?" என்று ஆரம்பித்தாய். "போதும்பா, என்னைக் கொன்னுடுன்னு சொல்லிட்டு மரத்தடியில படுத்துக்கினான். ஆண்டவர் திட்டினாரா? நஹி. ஒரு தூதனை அனுப்பி பாக்ரி சுட வெச்சாரு. குடிக்கத் தண்ணி குடுத்தாரு. துன்னுட்டு அவன் திரும்பப் படுத்துக்கினான், தூங்கட்டும்னு விட்டாரு. எழுந்ததும் மறுபடி பாக்ரி. பேச்செல்லாம் அப்புறம்தான். இன்னிக்கு உனக்குப் பேச்சு கெடயாது, துன்னு."

"மரம் இல்ல. சூரைச்செடி."

"சரி டீச்சரம்மா, செடி. துன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளில் முதல் சிரிப்பு. சிரித்த வாயோடு அழுகையும் வந்தது. உன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, புருஷனிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். "நான் ஜெபம் பண்ணுததே இல்லளா. கூட்டத்துல சும்மா உதட்ட அசைக்கேன். அவரோட பேச எனக்குப் பிடிக்கல. எம்புட்டு கோவமா இருக்கு தெரியுமா? நீ யார்ட்டயும் சொல்லிராத. இவருக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போவாரு."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்று என் தலையைத் தடவினாய். "சொன்னா ஆண்டவர்கிட்டதான் சொல்லுவேன்."

அந்த வார்த்தையை நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில். ஜமுக்காளம் விரித்து, டீக்குப் பால் வைத்து, நானும் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டு முடிந்தது, பாஸ்டர் வசனம் சொல்லி முடித்தார், ஆளுக்கொருவராக ஜெபம். உன் முறை வந்தது. "ஆண்டவரே, நான்தான்." வழக்கம்போல முழங்கால், பரீட்சை, குழாய். அப்புறம் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "நம்ம எஸ்தரு இருக்கா இல்ல?" என்றாய்.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

"அவ உங்ககூடப் பேசறதே இல்ல, ஆண்டவரே. உங்களுக்கே தெரியும். சும்மா உதட்ட ஆட்டிக்கினு இருக்கா. பயங்கர கோவம். கோவப்பட்டது நியாயம்னுதான் எனக்குத் தோணுது, மாஃப் கரோ, மன்னிச்சுக்குங்க. புள்ளையக் குடுக்கற மாதிரி குடுத்துட்டு வாங்கிக்கினா யாருக்குத்தான் ஆத்திரம் வராது? அவ பேசலன்னா நீங்க பேசுங்க. வீட்டுல சண்டைன்னா பெரியவங்கதான் மொதல்ல எறங்கி வரணும். ஆமென்."

பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ரொம்பத் தாமதமாக ஒரு ஆமென் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். நான் எழுந்து சமையல்கட்டுக்கு ஓடினேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. நீ பின்னாலேயே வந்தாய்.

"நீயெல்லாம் ஒரு மனுஷியாளா? யார்ட்டயும் சொல்லமாட்டேன்னுலா சொன்ன?"

நீ உண்மையாகவே முழித்தாய். "யார்கிட்டயும் சொல்லலியே! ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்?"

"இத்தன பேரும் காதுல பஞ்சா வச்சிருக்காவ?"

"அரே, அவங்க எதுக்குக் கேட்டாங்க? கண்ண மூடிக்கினு அவங்கவங்க ஜெபம் பண்ணவேண்டியதுதானே?"

இப்போது நினைத்தால் விழுந்து விழுந்து சிரிக்கலாம். அன்றைக்கு உன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. "இனி எங்கிட்டப் பேசாத" என்று சொல்லிவிட்டேன். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ நெடுநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாய். எனக்குக் கேட்டது. வேண்டுமென்றே பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

நீ அறியாதது மறுநாள் காலையில், நீ கேன்டீனுக்குப் போன பிறகு நடந்தது. இவர் பிம்ப்ரி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். மானம் போய்விட்டது என்று ஒரு பாட்டம் திட்டு வரும், வாங்கிக்கொள்வோம் என்று நான் அடுப்பைப் பார்த்து நின்றேன். மனுஷன் ஒரே ஷூவைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "எனக்கும் அப்படித்தான் இருக்கு எஸ்தர்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன்.

"நானும் பேசல. கோயில்ல பொஸ்தகத்தப் பாத்து வாசிக்கேன், அம்புட்டுதான். நீ தைரியமா ஜெபம் பண்ணுதன்னுலா நெனச்சேன். உன்னையும் கெடுத்துரக் கூடாதுன்னு வாயத் தெறக்கல." பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "அவளுக்கு ஒன் மூக்கு. நெறைய முடி இருந்துச்சு."

எங்கள் மகளைப் பற்றி நாங்கள் பேசிய முதல் பேச்சு அது. நான் பார்க்காத என் பிள்ளையின் முகத்தை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். விரல் எப்படி இருந்தது, காது எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். கம்பெனி பஸ் முக்கில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்றைக்குத்தான் அவளுக்குப் பெயர் வைத்தோம். அந்தப் பெயரை உனக்கு மட்டும் பிற்பாடு சொன்னேன். அதை நீ எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. ஆண்டவரிடம் தனியாகச் சொல்லிக்கொண்டாய் என்று நினைக்கிறேன்.

நீ அப்படி உளறியிராவிட்டால், ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில், ஒருவருக்கு ஒருவர் பக்தியாக நடித்துக்கொண்டே நாங்கள் மட்கிப்போயிருப்போம். அது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. ஆனாலும் வீம்பு யாரை விட்டது? குழாயடியில் உன் குடத்தைத் தாண்டிப் போனேன். நீயும், "எஸ்தரு, பானி போயிடும், மொதல்ல நீ புடி" என்பாய். நான் காது கேட்காதவள் போல நிற்பேன். ஆனால் தண்ணீரை மட்டும் பிடித்துக்கொள்வேன்.

கூட்டம் உன் வீட்டுக்கு வந்தது. வராமல் இருந்தால் ஊர் பேசும் என்று வந்து, கதவோரமாக உட்கார்ந்தேன். உன் முறை வந்ததும் சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இவர் என் பக்கம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஆண்டவரே, நான்தான். இந்த எஸ்தரு இப்போ எங்கூடவும் பேசறதில்ல. நீங்களும் நானும் ஒரே லைன்ல நிக்கிறோம். உங்களுக்குப் பழக்கம், தாங்குவீங்க. எனக்குத் தாங்கல ஆண்டவரே. அவ கையால ஒரு குழம்பு துன்னு எத்தனை நாளாவுது!"

முதலில் பாஸ்டர்தான் சிரித்தார் என்று நீ கடைசிவரை சாதித்தாய். இல்லை, நான்தான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும் அடங்கவில்லை. கூட்டம் மொத்தமும் குலுங்கியது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, ஒரு வார்த்தை ஆண்டவரிடம் சொன்னேன். "சரி" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் உனக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தேன். உப்பு அதிகம் என்று குறை சொல்லிக்கொண்டே சட்டியை வழித்தாய்.

அதன் பிறகு எத்தனை வருஷம் நமக்குக் கிடைத்தது! இரண்டாயிரம் பிறந்தது, பிள்ளைகள் வளர்ந்தார்கள், என் மகனுக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது, நாங்கள் ஹடப்சருக்கு வந்தோம். நீ இரண்டு பஸ் மாறி வந்து, எங்கள் வீட்டு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இங்க சத்தமே இல்ல, எப்பிடித் தூங்குறே?" என்று கேட்பாய். உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது நாம் எல்லாரும் உபவாசம் இருந்தோம். கேட்டோம், கெஞ்சினோம். நீ போய்விட்டாய்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் என்னை ஜெபிக்கச் சொன்னார். உன் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இந்த மாதிரி இடத்தில் சொல்லவேண்டிய வாக்கியங்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நல்ல ஓட்டம் ஓடி முடித்தவளுக்காக நன்றி, ஆறுதலின் தேவனுக்கு மகிமை. அதையெல்லாம் விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தேன். கோயில் நிறைய ஆட்கள். உன் புருஷன் முன்வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மைக்கில் நான் சொன்னது இதுதான்:

"ஆண்டவரே, எனக்கு உங்க மேல மறுபடியும் கோவமா இருக்கு."

உன் புருஷன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, எல்லாருக்கும் கேட்க, "ஆமென்" என்றார். பின்னாலிருந்து இன்னும் இரண்டு மூன்று குரல் வந்தது. நான் இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. தினமும் காலையில் காபி போட்டுக்கொண்டே ஆண்டவரோடு அதைப் பேசுகிறேன், வாய்விட்டு, இவர் காதிலும் விழும்படி. சில நாள் பதில் வருகிற மாதிரி இருக்கிறது, பல நாள் இல்லை. இன்றைக்கும் நல்ல சண்டைதான். ஆனால் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு வந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது.