சூரியனின் முகம்

அன்புள்ள ஐயாவுக்கு,

மகன் குலம் வணங்கி எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அம்மா மறைக்காமல் எழுதவேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையில் குறையொன்றுமில்லை. நீங்கள் வேண்டாமென்ற படம் கீறுவதையும் நான் விடவில்லை, கோபிக்கவேண்டாம். நான் கீறிய சித்திரக்கதை தீபாவளிக்கு மலாக்காவில் அச்சாகி வருகிறது! பூமியில் மோத வரும் வால்வெள்ளியைத் தடுக்க, ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத நவக்கிரகங்கள் அணி சேருகிற கதை.

போன கிழமை படங்களை அச்சகத்துக்குக் கொண்டுபோகையில், அலோர் காஜா ரோட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரரைத் தேடுகிற அவசரகாலம் அல்லவா? ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள் என் கட்டைப் பிரித்தார்.

“யாருய்யா இந்த ஒன்பது பேரு? கையில ஆயுதம் வேற. காட்டுக்குள்ள இருக்கிறவனுங்களா?”

பிறகு அவரே படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கலையே! அட, நவக்கிரகம் லா இது!”

இந்த ஊர் வழக்கப்படி ‘லா’ போட்டுச் சிரித்துக்கொண்டே கட்டித் தந்துவிட்டார். நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

கடைசிப் படம் மட்டும் பாக்கி. அதில் தகப்பன் சூரியனும், அவரோடு பேசாத மகன் சனியும் நேருக்கு நேர் பார்க்கவேண்டும். சனியைக் கண்ணாடி பார்த்துக் கீறிவிட்டேன். சூரியன்தான் வரமாட்டேனென்கிறார். நான் கப்பலேறிய அன்று நீங்கள் திரும்பி நின்ற முதுகுதான் நினைவில் இருக்கிறது.

அம்மாவின் மிளகாய்த்தூளோடு உங்கள் போட்டோ ஒன்றும் வைத்து அனுப்புங்கள். தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். முகம் நேரே தெரிகிற போட்டோவாக இருக்கட்டும், ஐயா.

தங்கள் மகன்,
குலம்