நனையக் கூடாத சக்கரங்கள்

சங்கரன்கோவில்
12.2.1978

அன்புள்ள உச்சிமாகாளிக்கு,

சங்கரநயினார் எழுதுவது. நாங்கள் அனைவரும் நலம். பம்பாயில் உங்கள் உடம்பும் வேலையும் சீராக இருக்க அம்பாள் துணை செய்யட்டும்.

தை மாதத்தின் கடைசி வெள்ளியன்று நம் வட்டாரத்தில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. பனவடலிசத்திரத்தில் கூடிய மாட்டுவண்டிப் பந்தயக் கமிட்டி, பந்தய வண்டியின் சக்கரங்களை இனிமேல் யாரும் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. இளையரசனேந்தல் மூக்காண்டி தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கையைப் பக்கத்தில் இருந்தவர் உயர்த்திவிட்டார். செயலாளர் என்ற முறையில் நான் தீர்மானத்தை எழுதி, உரக்க வாசித்து, கையெழுத்து வாங்கினேன். பிறகு காபி வந்தது.

நீங்கள் ஊரைவிட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. இந்த முடிவுக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். உங்கள் காலத்தில், உழுகிற மாட்டை எருக்குப்பை அடிக்கிற வண்டியில் பூட்டித்தான் பந்தயம் ஓட்டினோம். பிறகு குற்றாலநாதன் அவர்கள் ராஜபாளையத்தில் சொல்லிச் செய்த மெல்லிய சக்கரங்களை மாட்டிக்கொண்டு வந்தார். ஜெயித்தார். மறுவருஷம் நாலு பேர் அதேபோல் செய்தார்கள். உடனே அவர் ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதுச் சக்கரம் போட ஆரம்பித்தார். மூக்காண்டி சக்கரத்துக்காகத் தன் ஆட்டுக் கிடையில் பாதியை விற்றார். "ஆடு மேச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி, இப்பம் சக்கரம் மேய்க்கேன்" என்று என்னிடம் சொன்னார்.

சாதாரண ஆட்களும் ஓட்ட வேண்டும் அல்லவா? அதனால், எல்லாரும் ஒரே பட்டறையில் செய்த, ஒரே கனமுள்ள சக்கரம்தான் போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தோம். குற்றாலநாதன் முழு மனதோடு ஆதரித்தார். ஆதரித்த கையோடு அந்தப் பட்டறையில் ஆறு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, சிறந்த ஜோடியை வைத்துக்கொண்டு மீதியை மற்றவர்களுக்கு விற்றார். சட்டம் எங்கும் மீறப்படவில்லை. ஆகவே கமிட்டியே சக்கரங்களை வாங்கி, அம்மன் சந்நிதியில் திருவுளச்சீட்டுப் போட்டுப் பங்கிடுவது என்று அடுத்த சட்டம் வந்தது. அதன்பின், ஒருவர் தமக்கு வந்த சக்கரத்தை இலுப்பை எண்ணெயில் ஊறவைத்தார் என்று இன்னொருவர் புகார் சொன்னார். ஊறவைத்தவரோ அது வெறும் தண்ணீர் என்று சத்தியம் செய்தார். எண்ணெயையும் தண்ணீரையும் பிரித்துச் சொல்லும் திறமை கமிட்டியில் யாருக்கும் இல்லாததால் இரண்டையும் தடுத்துவிட்டோம்.

உங்கள் அண்ணன் மருதப்பனைப் போன்றவர்களுக்காகத்தான் இவ்வளவும் என்று, இப்போது தலைவராக இருக்கும் குற்றாலநாதன் கூட்டத்தில் சொன்னார். அதில் பொய்யில்லை. செவலை, மயிலை என்ற அந்த ஒரே ஜோடி மாட்டை வைத்துத்தான் அண்ணன் உழுகிறார். அதை வைத்துத்தான் பந்தயமும் ஓட்டுகிறார். சக்கரத்துக்குச் செலவழித்து ஜெயிக்க வேண்டுமென்றால் ஒன்று புஞ்சைக் காட்டை விற்க வேண்டும், அல்லது மாட்டை விற்க வேண்டும். அவர் எழுந்து பேசியதை அப்படியே எழுதுகிறேன். "தோத்தா மாடு தோத்துதுன்னு சொல்லிட்டுப் போயிருவேன். சக்கரம் தோத்துதுன்னு சொல்ல வெக்கமா இருக்கு வே. எல்லாத்துக்கும் ஒண்ணைக் குடுங்க, அதுக்குப் பெறகு பாப்போம்." அவருக்குத்தான் அதிகம் கை தட்டினார்கள். தலைவரும் தட்டினார்.

அண்ணனிடம் உங்களுக்கு ஏதாவது எழுதவா என்று கேட்டேன். "அவனுக்கு என்ன எழுத? மாடு நல்லா இருக்குன்னு எழுதும்" என்றார். மாடுகள் நன்றாக இருக்கின்றன.

இப்படிக்கு,
சங்கரநயினார்


சங்கரன்கோவில்
2.4.1978

அன்புள்ள உச்சிமாகாளிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பம்பாயில் தண்ணீர்க் கஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே கஷ்டம் என்று சொல்லும் நிலையையும் தாண்டிவிட்டது. ஊருணியின் நடுவில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

சக்கரங்கள் வந்து இறங்கிவிட்டன. அம்மன் முன் சீட்டு எடுத்து யார் யாருக்கு எந்த ஜோடி என்பதும் முடிவாகிவிட்டது. பந்தயம் சித்திரையில் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குத்தான் என்பதால், அதுவரை யாரும் எதுவும் செய்துவிடாதபடி எல்லாவற்றையும் சத்திரத்துப் பக்கம் உள்ள தகரக் கொட்டகையில் வைத்துப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்திருக்கிறோம். தாலுகா ஆபீஸில் நான் வைத்த எந்த முத்திரையும் இவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை.

உச்சி வெயிலில் கொட்டகைக்குள் மரம் டப் டப்பென்று தெறிக்கும் ஓசை ரோட்டுக்குக் கேட்கிறது. கோடையில் சக்கரத்து மரம் சுருங்கும், அதன்மேல் அடித்த இரும்புப் பட்டா தளரும், அதற்காகத்தான் நம் பக்கத்தில் சக்கரத்தைத் தண்ணீரில் போட்டு எடுக்கிறோம் என்பது கமிட்டியில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருமே வண்டி வைத்திருப்பவர்கள். ஆனால் ஊறப்போடலாம் என்று முதலில் வாய் திறப்பவர்தான் அந்த எண்ணெய்க்காரர் என்று ஆகிவிடும். ஆகவே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உங்கள் மதினி மாடத்திதான் கமிட்டி நடந்துகொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்று கேட்டாள். "நாம குடிக்கோம், மாடு குடிக்கி. சக்கரத்துக்கு மட்டும் என்ன விரதமா?" தலைவர் பொறுமையாக விளக்கினார். எல்லாச் சக்கரங்களும் ஒரே அளவு காய்ந்திருப்பதால் யாருக்கும் பாதகமில்லை, ஒன்றை நனைத்தால்தான் அநீதி என்றார்.  உங்கள் அண்ணன் அவளிடம், "ஏட்டி, நானே கேட்டு வாங்குன சட்டம். எனக்குன்னு வரும்போது மாத்தச் சொல்லவா? வீட்டுக்குப் போ" என்றார். அவள் போகும்போது, "உமக்குச் சட்டம் கஞ்சி ஊத்தும், போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை.

அண்ணன் தினமும் காலையில் மாடுகளை ரோட்டில் வெறும் நுகத்தடியோடு ஓட்டிப் பழக்குகிறார். மயிலை இந்த வருஷம் நன்றாகத் தேறியிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் இந்தமுறை அண்ணன்தான் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
சங்கரநயினார்


சங்கரன்கோவில்
7.5.1978

அன்புள்ள உச்சிமாகாளிக்கு,

உங்கள் அண்ணனுக்கு உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. தோளில் சிராய்ப்பு, கை மணிக்கட்டில் வீக்கம். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

கொடையன்று காலையில் முத்திரையை உடைத்து, அவரவர் ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். மேலநீலிதநல்லூர் ரோட்டில் எட்டு வண்டிகள் நின்றன. எட்டும் ஒரே மாதிரிச் சக்கரங்கள். பார்க்க மிகவும் அழகாக இருந்தது. புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே மூக்காண்டி இறங்கி, சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, மாட்டை ஓரம் கட்டினார். குற்றாலநாதனின் வண்டியை ஓட்டியவன் கயிற்றை இழுத்துப் பிடித்து, பெண் அழைப்புக்குப் போவதுபோல் போனான். மற்றவர்களும் வேகத்தைக் குறைத்தார்கள். கட்டை ஆடும் சத்தம் அவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறது.

அண்ணனுக்கும் கேட்டிருக்கும். ஆனால் முதல் தடவையாக அவருக்கு முன்னால் ஒரு வண்டியும் இல்லை. இரண்டு பக்கமும் சனங்கள் "விடு மருதப்பா, விடு" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். எல்லைக் கல்லைச் சுற்றித் திரும்பும்போது இடது சக்கரத்தின் பட்டா கழன்று, வண்டியை முந்திக்கொண்டு தனியாக உருண்டு போனது. சிலர் அதற்கும் கை தட்டினார்கள். பிறகு சக்கரம் துண்டு துண்டாகப் பிரிந்து, வண்டி மயிலையின் மேல் சாய்ந்தது. அதன் முன்னங்கால் முறிந்துவிட்டது.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். எலும்பு கூடினாலும் இனி நுகத்துக்கு ஆகாது என்றார். அண்ணன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார். யாரையும் ஒரு வார்த்தை ஏசவில்லை. நான் பக்கத்தில் போனபோது, "எல்லாத்துக்கும் காஞ்ச சக்கரந்தானே வே குடுத்தீரு?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பம் சரிதான்" என்றார்.  மாடத்தி தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து மாட்டின் வாயருகே வைத்துவிட்டு நின்றாள்.

முதல் பரிசு குற்றாலநாதன் அவர்களுக்கு. மறுவாரம் கமிட்டி கூடி வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. விபத்து நடந்த சக்கரத்துக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. ஊறப்போடுவதைப் பற்றி இந்தமுறை நானே பேச்செடுத்தேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணனுக்கு எழுதும்போது மழை உண்டா, உடம்பு எப்படி என்று மட்டும் எழுதுங்கள். மாடு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்க வேண்டாம். தீபாவளிக்கு வர முடிந்தால் வாருங்கள், முடியாவிட்டாலும் வாருங்கள். நீங்கள் வந்து அவர் பக்கத்தில் நாலு நாள் இருந்தால் போதும். நீங்களும் உங்கள் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்பாளை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்கரநயினார்

குறிப்பு: அண்ணனுக்கு எழுதும் கடிதங்களை இனி குற்றாலநாதன் அவர்களின் வீட்டு முகவரிக்கு அனுப்பவும். செவலையை அவர் வாங்கிக்கொண்டார். அவருடைய பந்தய வண்டியை இந்த மாதத்திலிருந்து உங்கள் அண்ணன்தான் ஓட்டுகிறார்.