குவாரித் தூரத்தை மறுபடி அளக்கக் கேட்டு மைக் மாமா எழுதியது

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்
(மைக் மாமா என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள்),
குன்றடித் தெரு, கடைசிக்கு முந்தின வீடு.

பெறுநர்:
உயர்திரு குவாரி அனுமதி அலுவலர் அவர்கள்,
கனிமவள அலுவலகம், இரண்டாவது மாடி.

பொருள்: குன்றில் வெடி வைக்கக் கொடுத்த அனுமதியை நிறுத்தி, என் தங்கை வீட்டுக்கும் குவாரி எல்லைக்கும் உள்ள தூரத்தை மறுபடி அளக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், முடிதிருத்தும் கடையில் கண்ணாடியைப் பார்த்தும் சொன்னேன். கேட்பாரில்லை. முப்பது வருடம் கல் லாரி ஓட்டியவன் நான். ஒரு குன்றைப் பார்த்தால் அது எத்தனை லோடு என்று சொல்லிவிடுவேன். இருந்தும் இம்மனுவைக் கூசிக் கூசித்தான் எழுதுகிறேன்.

2. சென்ற ஆண்டு பள்ளிக்கூடத்தில் தாங்கள் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு என்னை அனுப்பியது தங்கைதான். அவள் கணவர், அதாவது என் மச்சான், பக்கவாதத்தில் படுத்திருப்பவர். "இவரை விட்டுட்டு நான் வர முடியாது. எங்க வீடு கிட்டக்க இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வாண்ணே" என்றாள். கூட்டத்தில் ஐயாயிரம் பேர் இருந்தார்கள் (நாற்காலி நாற்பதுதான் போட்டிருந்தது). முந்நூறு மீட்டருக்குள் வீடு இருந்தால் வெடிக்கு அனுமதி இல்லை என்று தாங்கள் விதியை வாசித்தீர்கள். என் தங்கை வீட்டின் தூரம் மட்டும் வரைபடத்தில் விட்டுப்போயிருக்கிறது, யாருக்காவது தெரியுமா என்றும் கேட்டீர்கள். மைக் என் கைக்கு வந்தது. நானே சங்கிலி போட்டு அளந்தேன், நானூறு மீட்டர் என்று தெரிவித்தேன். கம்பெனி இன்ஜினியர் எழுந்து, "சார் மாதிரி விவரமானவங்க ஊருக்கு நாலு பேர் வேணும்" என்றார். கைதட்டினார்கள். அது கூட்டக் குறிப்பில் ஏழாவது வரியாக ஏறி, அனுமதியும் வந்துவிட்டது.

3. போன வாரம் செவ்வாய்க்கிழமை சோதனை வெடி. குவாரிக் காவலாளி தங்கை வீட்டுக்கு ஓடிவந்து, எங்களை வெளியே போகச் சொன்னார். மச்சானை ஒற்றைக் கையால் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு ஓடினேன். இரண்டு கைதான், ஐயா. வழியில் மூன்று முறை இறக்கி வைத்தேன். மூன்றாம் முறை அவர் துணி நனைந்திருந்தது. பேச்சு வராத மனிதர், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். ஒன்றாம் தேதியிலிருந்து தினம் இரண்டு வெடி என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

4. என் அளவு தப்பாது. ஆகவே மேற்படி காவலாளிதான் எல்லைக் கல்லை வீட்டுப் பக்கமாக நகர்த்தியிருக்க வேண்டும்.

5. வெடிக்குப் பிறகு கேட்டு வாங்கிய கூட்டக் குறிப்பின் நகல் வந்ததும் தங்கை மகள் அதை வாசலில் நின்று உரக்க வாசித்தாள். ஏழாவது வரியில் நான். எதிர்வீட்டுத் தையல்காரி, "கூடப் பொறந்தவரே குழி வெட்டிட்டாரே" என்றாள். தங்கை விடவில்லை. "எங்கண்ணனுக்கு வாய் நீளம்தான். ஆனா அளந்தேன்னு சொன்னா அளந்திருக்கும். கல்லைத்தான் எவனோ நகர்த்திட்டான்" என்று சொல்லி, நேரே போய்க் காவலாளியைத் திருடன் என்று திட்டிவிட்டு வந்தாள். வந்து எனக்குச் சோறு போட்டாள். பாதியில் கை கழுவிவிட்டு எழுந்தேன். அன்றிலிருந்து அவள் வீட்டு வழியே போகாமல் சுற்றிப் போகிறேன்.

6. ஆகவே ஒன்றாம் தேதிக்குள் வெடியை நிறுத்தி, கருவியோடு சர்வேயரை அனுப்பி, ஏழாவது வரியை அடித்துவிடும்படி பணிந்து வேண்டுகிறேன். காவலாளி மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். கல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நாலாம் பத்தி பொய். அடித்தல் திருத்தல் இருந்தால் மனுவை வாங்கமாட்டார்கள் என்று இங்கே சொன்னதால் அப்படியே விட்டிருக்கிறேன். நான் அளக்கவில்லை, ஐயா. என்னிடம் சங்கிலியே கிடையாது. தெரியாது என்று மைக்கில் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். நேற்றுத்தான் முதன்முதலாக, தங்கை வீட்டுக் கொல்லையிலிருந்து எல்லைக் கல் வரை எட்டு வைத்து எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பத்து எட்டு. கூட்டிச் சொல்லவில்லை.

நாள்: இருபத்து மூன்றாம் தேதி, வியாழன்
இடம்: தங்கள் அலுவலக வராந்தா

வெட்கத்துடன்,
(ஒப்பம்) மைக் மாமா

நகல்: என் தங்கைக்கு. தபாலில்.