நரைத்த தலைகள் உள்ளே வரலாம்

அன்பு மாறாத என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். போன கடிதத்தில் முழங்கால் வலியை ஒரே வரியில் முடித்துவிட்டு, அங்கே பெய்யும் மழையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். யாரை ஏமாற்றுகிறீர்கள்? தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மகள் நன்றாகப் படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் எங்கள் சலவை ஆலையிலேயே சேர்ந்துவிடேன் என்று விளையாட்டாகச் சொன்னேன். ஆஸ்பத்திரி பெட்ஷீட் மடிக்கவாம்மா இத்தனை பரீட்சை எழுதுறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊரும் ஆறு மாதமாக எனக்கு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. மடிப்புப் பிரிவுக்குப் பதினான்கு பேர் வேண்டும். நான் ஆள் எடுக்கும் மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசிக்குள் ஆள் கிடைக்காவிட்டால் இரண்டாம் ஷிப்டையே மூடிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். மூடினால் ஏற்கெனவே அதில் இருக்கும் முப்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இளசுகள் எல்லாம் எங்கே போனார்கள் என்று எனக்கு ஒரே குடைச்சல். என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே, நம் தெருப் பள்ளிக்கே போய்ப் பழைய பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். நான் முதல் வகுப்பில் சேர்ந்தபோது நான்கு பிரிவுகள். நம் மகள் சேர்ந்தபோது ஒன்றே ஒன்று, அதிலும் பத்தொன்பது பிள்ளைகள். நான் தேடிக்கொண்டிருந்த ஆட்களில் பாதிப் பேர் எங்கும் போகவில்லை, பிறக்கவே இல்லை.

அப்படியானால் ஊரில் இருப்பது யார்? அதைத் தெரிந்துகொள்ள ஒருநாள் காலை முழுக்க வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்குள் ஆறு பேர் வேலை கேட்டு வந்தார்கள். ஆறு பேரையும் அவர் வாசலோடு திருப்பி அனுப்பினார். அதில் ஒருவர் முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்தவர். ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். தலை நரைச்சிருந்தா உள்ள விடக்கூடாதுன்னு ஆபீஸ் உத்தரவும்மா, நான் வந்த நாள்லேருந்து இதான் வழக்கம் என்றார். சொன்னவருக்கு வயது அறுபத்திரண்டு. மாதம் தவறாமல் தலைக்கு மை அடிக்கிறார்.

அந்த உத்தரவைத் தேடிப் பழைய கோப்புகளைப் புரட்டினேன். கிடைத்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் அணுக வேண்டாம் என்று, இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியில், என் கையெழுத்திலேயே இருந்தது. அப்போதிருந்த மேலாளர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். அன்று பத்து வேலைக்கு இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள், கூட்டத்தைக் குறைக்க ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வரிசை கரைந்துபோய்ப் பல வருடமாகிறது. அந்தத் தாளை எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போதைய மேலாளரிடம் அதைக் கொண்டுபோய் வைத்தேன். பத்து நாள் பார்ப்போம் என்றார். ஆயாம்மாவையும் சேர்த்துப் பதினான்கு பேரை எடுத்தேன். முதல் நாளே மானம் போயிற்று. மூட்டைகளில் கட்டும் அட்டையின் பொடி எழுத்து யாருக்கும் தெரியவில்லை. ஹோட்டல் மேசை விரிப்புகள் பிரசவ வார்டுக்குப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் ஆயாம்மாவே வழி சொன்னார். ஆஸ்பத்திரி மூட்டைக்குச் சிவப்புக் கயிறு, ஹோட்டலுக்குப் பச்சை, கண்ணாடி எதுக்கும்மா என்றார். அதன்பிறகு ஒரு மூட்டைகூட இடம் மாறவில்லை. இரண்டாம் ஷிப்ட் தப்பித்தது. அந்த உத்தரவை மேலாளர் நேற்று என் கண் முன்னால் கிழித்துப்போட்டார்.

இனி சொல்லப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் ஆலையை மூடியபோது உங்களுக்கு நாற்பத்தேழு. எங்கள் பாய்லருக்கு அப்போது ஆள் தேவைப்பட்டது. எங்க ரூல்ல இடமில்லங்க, கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீங்க என்று சொன்னேன். நீங்கள் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினீர்கள். வெளியூர் வேலைக்குப் போய் நான்கு வருடமாகிவிட்டது. அந்த ரூலை எழுதிய கை என்னுடையது என்பது எனக்கே மறந்திருந்தது. மன்னித்துவிடுங்கள்.

பாய்லர்காரர் அடுத்த மாதத்தோடு நின்றுகொள்கிறார். புது விண்ணப்பப் படிவம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் வயது கேட்கும் கட்டம் இல்லை, முழங்காலைப் பற்றியும் கேள்வி இல்லை. எனக்கு வேண்டியவர் என்பதால் உங்களை மேலாளரே நேரில் பார்த்து முடிவு செய்வார், அதில் நான் தலையிட மாட்டேன். தபாலில் மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களே கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் வரும் நாளில் வாட்ச்மேன் அறையில் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் வீட்டுக்காரி